நிறம் தெரியாத கேமராவுக்குத்தான் இருட்டில் கண் தெரியும்!

சாயங்காலம் இருட்டும் நேரத்தில், வாசலில் மாட்டியிருக்கும் சி.சி.டி.வி கேமராவிலிருந்து 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? அடுத்த நொடி திரையில் நிறமெல்லாம் போய்விடும். பச்சை கேட், சிவப்பு பைக் எல்லாமே சாம்பல்.

கேமரா பழுதாகவில்லை. சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஒரு சின்னத் தகடு விலகிக்கொண்ட சத்தம் அது. பகலில் அகச்சிவப்புக் கதிர்களைத் தடுத்து, நிறம் திரியாமல் காப்பது அதன் வேலை. ராத்திரியில் அது ஒதுங்கிக்கொள்ள, கேமராவைச் சுற்றியுள்ள எல்.இ.டி விளக்குகள் வீசும் அகச்சிவப்பு ஒளியில் படம் பதிவாகிறது.

ஆனால், இது ஒரு கலர் சென்சார் ராத்திரிக்கு மட்டும் போடும் வேஷம். பிறவியிலேயே கறுப்பு வெள்ளையான சென்சார்களும் இருக்கின்றன. தொழிற்சாலைகளிலும், ஓடும் வண்டியின் நம்பர் பிளேட்டைப் படிக்க வேண்டிய இடங்களிலும் இன்றும் அவற்றுக்குத் தனி மரியாதை.

காரணம் எளிமையானது. சென்சார் செய்யப்படும் சிலிக்கானுக்கு நிறம் தெரியாது. எவ்வளவு ஒளி விழுந்தது என்று மட்டும் எண்ணும். நிறம் வேண்டுமானால் ஒவ்வொரு பிக்ஸலின் தலையிலும் ஒரு நிற வடிகட்டியை வைக்க வேண்டும். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற முறை அது. பாதி பிக்ஸல்களுக்குப் பச்சை, கால் பங்குக்குச் சிவப்பு, கால் பங்குக்கு நீலம். உங்கள் செல்போன் கேமராவும் பெரும்பாலும் அந்த வழியில் வந்ததுதான்.

இதற்கு ஒரு விலை உண்டு. வடிகட்டி தன் நிறத்தை மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தடுத்துவிடும். வெள்ளை வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பிக்ஸலுக்குக் கிடைக்கும். மீதி இரண்டு நிறங்களையும் பக்கத்துப் பிக்ஸல்களைப் பார்த்து கேமரா ஊகிக்கும். கல்யாண போட்டோவுக்கு அந்த ஊகம் போதும். மாத்திரையில் விழுந்த தலைமுடி அளவு விரிசலைப் பிடிக்கப் போதாது. அந்த விரிசல் தப்பினால், உடைந்த மாத்திரை யாரோ ஒரு நோயாளியின் கைக்குப் போகும்.

தொழிற்சாலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண சென்சார் படத்தை வரிவரியாகப் படிக்கும். ஓடும் பேருந்திலிருந்து எடுத்த போட்டோவில் விளக்குக் கம்பங்கள் சாய்ந்து நிற்பது அதனால்தான். எல்லாப் பிக்ஸல்களையும் ஒரே நொடியில் பதியும் 'குளோபல் ஷட்டர்' இருந்தால்தான், கன்வேயரில் ஓடும் பாட்டில் பாட்டிலாகவே தெரியும்.

சரி, எது நல்ல சென்சார் என்று எப்படிச் சொல்வது? ஆளுக்கொரு கணக்குச் சொன்னால் ஒப்பிடவே முடியாது. இதற்காகவே ஐரோப்பிய மெஷின் விஷன் சங்கம் 'இ.எம்.வி.ஏ 1288' என்ற அளவுமுறையை வகுத்திருக்கிறது. லென்ஸைக் கழற்றிவிட்டு, சென்சார் மேல் சீரான ஒளியை விழச் செய்து, அடுத்தடுத்து இரண்டு படம் எடுப்பார்கள். வெளிச்சம் மாறவில்லை. ஆகவே, இரண்டு படங்களும் ஒன்றுபோல இருக்க வேண்டும். இருக்காது. அந்த வித்தியாசம்தான் 'இரைச்சல்', படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான பொரிச்சல். ஒளியைப் படிப்படியாகக் கூட்டியும், முழு இருட்டிலும் இதையே திரும்பச் செய்வார்கள்.

பிக்ஸலை மழையில் வைத்த பாத்திரமாக நினைத்துக்கொள்ளுங்கள். விழும் துளிகளில் எத்தனை உள்ளே சேர்கிறது, பாத்திரம் எவ்வளவு கொள்ளும், அளக்கும்போது எவ்வளவு சிந்துகிறது... பார்க்க வேண்டியவை இந்த மூன்றும்தான். ஒளியும் துளித்துளியாகத்தான் வருகிறது. 10,000 துளிகள் சேர்ந்தால் 100 அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கும், அதாவது ஒரு சதவிகிதம். 100 துளிகள் மட்டும் சேர்ந்தால் ஏற்ற இறக்கம் 10, அதாவது பத்து சதவிகிதம். இருட்டில் படம் பொரிவது இதனால்தான். வடிகட்டி இல்லாத சென்சார் அதிகத் துளிகளைப் பிடிப்பதால் அங்கே ஜெயிக்கிறது.

விவரத்தாளில் பெரிய எழுத்தில் இருக்கும் எண் பெரும்பாலும் பச்சை ஒளிக்கானது. பாதுகாப்பு கேமரா வேலை செய்வதோ 850 அல்லது 940 நானோமீட்டர் அகச்சிவப்பில். 850 விளக்கு மங்கலான சிவப்பாகக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். 940 தெரியாது, திருடனுக்கும் தெரியாது. ஆனால், அங்கே சிலிக்கானின் பார்வையும் வெகுவாக மங்கிவிடும். எந்த ஒளியில் பயன்படுத்தப் போகிறோமோ அந்த இடத்து எண்ணைப் பார்க்காமல் வாங்குவது வீண் செலவு.

கறுப்பு வெள்ளைக்கும் குறை உண்டு. கறுப்புச் சாயம் போட்ட துணிகளில் பல, அகச்சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்பும். அதனால் கறுப்புச் சட்டை போட்டவர் பதிவில் வெளிர்ச் சட்டைக்காரராகத் தெரிவார். 'வெள்ளைச் சட்டை போட்டவன்தான்' என்று அந்தப் பதிவை மட்டும் வைத்து ஒருவரைக் கைகாட்டுவது ஆபத்து.

வீட்டுக்கு கேமரா வாங்குபவர்கள் அட்டைப்பெட்டியில் '0.001 லக்ஸ்' என்று பார்த்ததும் மயங்க வேண்டாம். முழு நிலவொளியே கால் லக்ஸ் அளவுதான். ஷட்டரை வெகுநேரம் திறந்து வைத்தால் எந்த கேமராவும் இருட்டில் படம் காட்டும். நடந்து போகிறவர்தான் ஆவிபோல இழுபட்டுப்போவார். கடையில் விளக்கை அணைக்கச் சொல்லி, கேமரா முன்னால் ஒருவரை நடக்கவிட்டு, பதிவை நிறுத்திப் பாருங்கள். முகம் தெரிந்தால் வாங்கலாம்.