புண் மூடினால் மட்டும் போதாது

எங்கள் அண்ணர் 2009இல் வன்னியில் ஷெல் துண்டு முள்ளந்தண்டில் பட்டு, இடுப்புக்குக் கீழே இயக்கமும் உணர்வும் இழந்தவர். லண்டனுக்கு வந்து சேர்ந்த முதல் மாரியில், ஒருநாள் அவருடைய சாரத்தில் ஈரக் கறை ஒன்றைக் கண்டோம். இருக்கும் பக்கத்தில் ஒரு ரூபாய்க் குற்றி அளவில் புண். "எனக்கொரு நோவும் இல்லை, விடுங்கோ" என்றார். நாங்களும் விட்டுவிட்டோம்.

அம்மா மஞ்சள் அரைத்துப் பூசினா. நாங்கள் நடுவில் ஓட்டையுள்ள வட்டக் காற்றுத் தலையணை ஒன்றை வாங்கி அதில் அவரை இருத்தினோம். பிறகு மணம் வரத் தொடங்கியது. ஆட்கள் வந்தால் சாம்பிராணி கொளுத்தினோம். காய்ச்சலும் நடுக்கமும் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வைத்தியர் ஒரு மெல்லிய கோலைப் புண்ணுக்குள் விட்டுப் பார்த்தார். அது எலும்பில் போய் முட்டியது. "ஏன் இவ்வளவு நாளும் வரவில்லை?" என்று கேட்டார். வெட்கம் என்பதைத் தவிர எங்களிடம் வேறு பதில் இருக்கவில்லை. அந்த வெட்கம் இன்னொரு வீட்டில் ஒரு உயிரை வாங்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

நோகாத புண்

நாம் கதிரையில் இருக்கும்போது எலும்புக்கும் கதிரைக்கும் இடையில் தசையும் தோலும் நசிகின்றன. சிறு இரத்தக்குழாய்கள் அடைபடுகின்றன. சுகதேகிக்கு உடனே நோகும். அவர் தன்னை அறியாமலே அசைந்து இருப்பார், நித்திரையிலும் புரண்டு படுப்பார். முண்ணாண் காயப்பட்டவருக்கு அந்தச் செய்தி மூளைக்குப் போவதில்லை. மணிக்கணக்கில் இரத்தம் ஓடாத தசை இறந்து போகிறது. இருக்கும் எலும்பு, முதுகின் அடிப்பகுதி, இடுப்பின் பக்கவாடு, குதிக்கால் ஆகியனதான் ஆபத்தான இடங்கள்.

பல வேளைகளில் கேடு எலும்பின் அருகே ஆழத்தில்தான் தொடங்குகிறது. வெளியே சிறு புள்ளி, வெட்டினால் உள்ளே வண்டு குடைந்த மாம்பழம் போல. ஆகவே வாய் சிறிதாயிருப்பதைக் கண்டு ஏமாறக்கூடாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தோல் சிவந்தால் அதுவே முதல் எச்சரிக்கை என்று இங்கு தரும் துண்டுப்பிரசுரங்களில் எழுதியிருக்கும். எங்கள் நிறத்தில் அந்தச் சிவப்புத் தெளிவாகத் தெரியாது. அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ ஊதாவாகவோ இருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கடினமாகவோ களியாகவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அகதியாக வந்த ஒரு வைத்தியர்

முதலாம் உலகப்போரில் முண்ணாண் காயப்பட்ட படைவீரர்களில் பெரும்பாலானோர் சில ஆண்டுகளுக்குள் இறந்தனர். சிறுநீர்த் தொற்றும் படுக்கைப்புண்ணுமே முக்கிய காரணங்கள். இந்த நிலையை மாற்றியவர்களில் முதன்மையானவர் ஒரு அகதி. ஜேர்மனியில் யூதராகப் பிறந்த லுட்விக் குட்மன், நாசிகளின் கொடுமையால் 1939இல் குடும்பத்துடன் இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தார். 1944 பெப்ரவரியில் எய்ல்ஸ்பரி நகருக்கு அருகிலுள்ள ஸ்ரோக் மண்டவில் ஆஸ்பத்திரியில் முண்ணாண் காயப்பிரிவு அவர் பொறுப்பில் தொடங்கியது.

அவரிடம் அதிசய மருந்து எதுவும் இருக்கவில்லை. இரவோ பகலோ, 2 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பான விதி. சாவை எதிர்பார்த்துக் கிடந்தவர்கள் எழுந்திருந்தார்கள். 1948 ஜூலை 29ஆம் திகதி, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேருடன் அங்கே அவர் நடத்திய வில்வித்தைப் போட்டியே பின்னர் பராலிம்பிக்காக வளர்ந்தது. புரட்டிப் படுக்க வைத்த கைகளில் இருந்துதான் அது எல்லாம் தொடங்கியது.

சத்திரசிகிச்சையில் நடப்பது என்ன?

எல்லாப் புண்ணுக்கும் கத்தி தேவையில்லை. மேற்தோலோடு நிற்கும் புண், பாரத்தை முற்றாக எடுத்துவிட்டு ஒழுங்காக மருந்து கட்டினால் பெரும்பாலும் ஆறிவிடும். தசையையும் எலும்பையும் எட்டிய, மாதக்கணக்கில் ஆறாத புண்ணுக்கே பெரிய சத்திரசிகிச்சையை யோசிக்கிறார்கள்.

அதற்கு முன் ஆயத்தம் உண்டு. எலும்பில் தொற்று இருக்கிறதா என்று பரிசோதிப்பார்கள். இரத்தச்சோகை, நீரிழிவு, கால்கள் இழுத்து வெட்டும் இசிவு ஆகியவற்றைக் கட்டுப்படுத்துவார்கள். புகைத்தலை நிறுத்தச் சொல்வார்கள், ஏனென்றால் அது சிறு இரத்தக்குழாய்களைச் சுருக்கித் தையலைக் கெடுக்கும். புரதம் போதாத உடம்பில் காயம் ஆறாது. மச்சம் சாப்பிடுபவருக்கு மீன், முட்டை, கோழி. சைவருக்குப் பருப்பு, பயறு, கடலை, பால், தயிர். காயம் உள்ளவருக்கு முட்டையும் மீனும் ஆகாது என்று பத்தியம் பிடிப்பது தவறு.

சத்திரசிகிச்சையில் முதலில் இறந்த சதையையும் புண்ணின் உள்ளறையையும் முழுதாக வெட்டி எடுப்பார்கள். கெட்டுப்போன எலும்பையும், கூராகத் துருத்தி நிற்கும் பகுதியையும் செதுக்குவார்கள். அந்தப் பள்ளத்தை வெறும் தோல் ஒட்டி மூடினால் அது பாரம் தாங்காது. ஆகவே புட்டத்திலிருந்தோ தொடையின் பின்புறத்திலிருந்தோ தோல், கொழுப்பு, தேவைப்பட்டால் தசை எல்லாவற்றையும் ஒரு மடலாக, அதன் இரத்தக்குழாய் அறாமல் திருப்பிக் கொண்டுவந்து பள்ளத்தை நிரப்பித் தைப்பார்கள். உள்ளே சேரும் நீரும் இரத்தமும் வெளியேறச் சில நாட்களுக்குக் குழாய் வைத்திருப்பார்கள்.

மிச்ச வேலை எங்களுடையது

கடினமான காலம் பிறகுதான் வருகிறது. மடல் உறுதியாக ஒட்டும் வரை அதன்மேல் படுக்கவோ இருக்கவோ கூடாது. இடத்துக்கு இடம் இது மாறும்; 3 முதல் 6 கிழமை வரை பொதுவானது. எங்கள் அண்ணர் 6 கிழமை விசேட மெத்தையில் கிடந்தார். பிறகு முதல்நாள் 15 நிமிடம் மட்டும் இருத்தினார்கள். படுக்க வைத்துத் தையலைப் பார்த்தார்கள். நிறம் மாறவில்லை என்றால்தான் அடுத்தமுறை கொஞ்சம் கூட. பொறுமை இழந்து ஒருநாள் நெடுநேரம் இருந்தால் அத்தனையும் பிரிந்துவிடும்.

மூடிய புண் திரும்ப வருவது அரிதல்ல. ஒரே இடத்தில் எத்தனை முறையும் வெட்டித் தைக்கலாம் என்றில்லை. எடுத்துப் பயன்படுத்தக்கூடிய சதைக்கும் அளவுண்டு. 'சூப்பர்மேன்' நடிகர் கிறிஸ்ரோபர் ரீவ் 2004 ஒக்டோபரில் காலமானபோதும், தொற்றேறிய அழுத்தப்புண்ணுக்குத்தான் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். வசதியும் தாதிமாரும் உள்ளவருக்கே அப்படி என்றால், நாங்கள் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

எங்கள் வீட்டில் இப்போது நடப்பவை இவை:

காலையும் இரவும் தோலைப் பார்க்கிறோம். அண்ணர் தானே நீட்டுப்பிடிக் கண்ணாடியால் பார்க்கப் பழகிவிட்டார்.

சக்கர நாற்காலியில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னுக்குக் குனிந்தோ பக்கத்துக்குச் சரிந்தோ 2 நிமிடம் பாரத்தை எடுக்கிறார். இரவில் புரட்டுவதை நாங்கள் முறைபோட்டுச் செய்கிறோம்.

வட்டத் தலையணையை எறிந்துவிட்டோம். அது ஓட்டையைச் சுற்றியுள்ள தோலை நசித்து இரத்தத்தை மறிக்கிறது. நிறம் மாறிய இடத்தைத் தேய்ப்பதும் எண்ணெய் போட்டு உருவுவதும் இல்லை. சுடுநீர்ப் போத்தலை அவர் பக்கத்தில் வைப்பதே இல்லை.

நிறம் மாறினால், அது மறையும் வரை அந்த இடத்தில் பாரம் இல்லை. தோல் உடைந்தால் அன்றே வைத்தியருக்கு அறிவிக்கிறோம். காய்ச்சலோ, சீழோ, கெட்ட மணமோ இருந்தால் நாளைக்கு என்று தள்ளுவதில்லை. நெஞ்சுக்கு மேலே முண்ணாண் காயப்பட்டவருக்குத் திடீரெனக் கடுந்தலையிடியும் வியர்வையும் வந்தால், இரத்த அழுத்தம் அபாயமாக ஏறியிருக்கலாம். அது உடனடி அவசரம்.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு இன்னொரு சொல். இங்கிலாந்தில் அகதி அந்தஸ்துப் பெற்றவர்களும், கோரிக்கை பரிசீலனையில் உள்ளவர்களும் இந்த ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குக் காசு கட்டத் தேவையில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அதற்கும் கட்டணம் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிப் போகாதீர்கள். தகப்பனின் புண்ணைப் பற்றிப் பிள்ளை வாயால் பேச வைப்பது இருவருக்கும் பாரம்.

இந்தப் புண் ஊத்தைக்கு அடையாளமல்ல. முன்வினைப் பயனும் அல்ல. பாரம் ஓரிடத்தில் கூடிப்போனதன் விளைவு, அவ்வளவுதான். அந்தப் பாரத்தை இறக்க வைத்தியர் ஒருமுறை உதவுவார். மற்ற நாளெல்லாம் இறக்க வேண்டியவர்கள் நாங்கள். இன்று இரவு படுக்கப் போகுமுன் உங்கள் வீட்டு அண்ணரையோ தம்பியையோ அம்மாவையோ ஒருதரம் புரட்டிப் பாருங்கள். அவர் "நோவில்லை" என்று சொன்னாலும் பாருங்கள்.