வாக்கு மையம் (ஐக்கிய அமெரிக்கா)

வாக்கு மையம் என்பது, ஒரு கவுண்டியில் பதிவு செய்துள்ள வாக்காளர் எவரும், அக்கவுண்டியின் எப்பகுதியில் வசித்தாலும், வாக்களிக்கக்கூடிய வாக்குச்சாவடி ஆகும். கவுண்டி என்பது ஐக்கிய அமெரிக்காவில் மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு. பெரும்பாலான மாநிலங்களில் தேர்தலை நடத்துவது அதன் பொறுப்பு.

வழமையான முறையில் ஒவ்வொரு வாக்காளருக்கும் அவர் வசிக்கும் பகுதிக்குரிய சாவடி ஒன்றே ஒதுக்கப்படுகின்றது. தவறான சாவடிக்குச் சென்றவர் தற்காலிக வாக்குச்சீட்டில் வாக்களிக்கலாம். ஆயினும் பல மாநிலங்களில் அச்சீட்டு எண்ணப்படுவதில்லை. அரிசோனாவின் இத்தகைய விதி செல்லும் என 2021 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே மாநிலத்தில் வாக்கு மைய முறையைத் தேர்ந்துகொண்ட கவுண்டிகளில் இச்சிக்கல் எழுவதில்லை.

செயல்படும் முறை

ஒரே கவுண்டிக்குள்ளும் அனைவருக்கும் ஒரே சீட்டுப் பொருந்தாது. அதிபர், ஆளுநர் பதவிகளுடன் நகரசபை, பள்ளி மாவட்டம் முதலியவற்றுக்கான போட்டிகளும் ஒரே சீட்டில் இடம்பெறுவதால், அடுத்தடுத்த தெருக்களிற்கூட சீட்டு வேறுபடலாம். ஆகவே ஒவ்வொரு மையமும் கவுண்டியின் எல்லா வகைச் சீட்டுகளையும் வழங்க வேண்டும். இதற்கென உடனுக்குடன் சீட்டு அச்சிடும் கருவிகளோ மின்னணு வாக்குப்பதிவு இயந்திரங்களோ பயன்படுகின்றன. இவற்றினும் இன்றியமையாதது மின்னணு வாக்காளர் பட்டியல். ஒருவர் ஒரு மையத்தில் வாக்களித்த செய்தி வலையமைப்பு வழியாக ஏனைய மையங்களுக்கும் உடனே தெரிய வேண்டும். இல்லையேல் அவர் வேறிடத்தில் மீண்டும் வாக்களிக்க இயலும்.

வரலாறு

கொலராடோவின் லாரிமர் கவுண்டி 2003 இல் இம்முறையை முதன்முதலில் கையாண்டது. 143 வாக்குப் பகுதிகளைக் கொண்டிருந்த அங்கு 22 மையங்கள் அமைக்கப்பட்டன. 2002 ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் சாவடிதோறும் மாற்றுத்திறனாளிகளுக்கேற்ற வாக்குப்பதிவுக் கருவியைக் கட்டாயமாக்கியிருந்ததால், சாவடிகளைக் குறைப்பது செலவையும் குறைத்தது. லாரிமரை ஆராய்ந்த இசுட்டைன், வொன்னாம் ஆகியோர், எப்போதாவது மட்டும் வாக்களிப்போரிடையே வாக்குப்பதிவு கூடியதாகக் கண்டனர். டெக்சசில் லபக் கவுண்டி 2006 இல் இதனைச் சோதித்தது. ஆரிசு கவுண்டி 2019 இல் இணைந்தது.

அதே கொலராடோவிலுள்ள டென்வரின் பட்டறிவு நேர்மாறானது. 2006 நவம்பரில் அங்கு 55 மையங்கள் திறக்கப்பட்டன. மின்னணுப் பட்டியலின் மென்பொருள் நெரிசலைத் தாங்காமல் முடங்கவே, வரிசைகள் பல மணி நேரம் நீண்டன; ஆயிரக்கணக்கானோர் வாக்களியாமலே திரும்பினர். தாள் பட்டியல் கொண்ட தனிச் சாவடியில் நேரும் தவறு அச்சாவடியோடு நின்றுவிடும். இங்கோ எல்லா மையங்களும் ஒரே பட்டியலை நம்பியிருந்ததால் நகரம் முழுவதும் ஒருங்கே பாதிக்கப்பட்டது. 2007 சனவரியில் நகரின் தேர்தல் ஆணையத்தையே வாக்காளர்கள் கலைத்தனர். அதன் பணி, மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் எழுத்தர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஆயினும் கொலராடோ இம்முறையைக் கைவிடவில்லை. 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்த வாக்காளர் அனைவருக்கும் அஞ்சலில் சீட்டு அனுப்பப்படுகின்றது; நேரில் வாக்களிக்க விரும்புவோர் தம் கவுண்டியின் எந்த மையத்துக்கும் செல்லலாம்.