பல்கலைக்கழகப் பொதுச்சொற்பொழிவும் தமிழ்ச் சமூகமும்

முன்னுரை

பல்கலைக்கழகக் கருத்தரங்கும் பொதுச்சொற்பொழிவும் ஒன்றல்ல. கருத்தரங்கில் ஆய்வாளர் தம்மையொத்த ஆய்வாளர்க்கு உரைக்கின்றார். பொதுச்சொற்பொழிவிலோ அத்துறையில் பயிற்சி பெறாதோரும் அவையில் அமர்கின்றனர். ஆசிய அரசியல், சமூகம், பண்பாடு குறித்த பொதுச்சொற்பொழிவுகள் யாருக்காக, எம்மொழியில் நிகழவேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

துறையின் தோற்றம்

மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கிய காலத்தில், 1956ஆம் ஆண்டு இந்திய ஆய்வியல் துறை தோன்றியது. அதற்கு முன்னர், துறையில் முதன்மை வடமொழிக்கா, தமிழுக்கா என்னும் விவாதம் எழுந்தது. பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் வடமொழியை வலியுறுத்தினார். தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காகக் குரல் எழுப்பி, 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். எனவே, இத்துறை சமூகத்தின் உழைப்பாலும் கொடையாலும் வலுப்பெற்றதாகும். பல்கலைக்கழக அறிவைச் சமூகத்திற்கு எடுத்துரைத்தல் துறைக்குரிய கடமை என்பது இதனாற் பெறப்படும்.

1966ஆம் ஆண்டு மாநாடு

துறைத் தலைவராக விளங்கிய தனிநாயக அடிகளார், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தினார். உலக அறிஞர்கள் தமிழை நோக்கினர். ஆயினும், கட்டுரைகளுட் பெரும்பகுதி ஆங்கிலத்தில் அமைந்தது. உலகோடு உரையாட அது தேவையே. அவ்வறிவு தமிழாசிரியரைத் தமிழிற் சென்றடைவதும் அதற்கு இணையான தேவையாகும். தமிழ்ப்பள்ளியில் மாணவர்க்கு வரலாற்றைத் தமிழில் விளக்குபவர் அவரேயன்றோ?

ஓர் எடுத்துக்காட்டு

விடுதலைக்குப் பின் ரப்பர்த் தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்டதைப் பொருளியல் அறிஞர் நில உடைமை மாற்றமாகக் காண்பர். நம் மக்கள் அதனைத் 'தோட்டத் துண்டாடல்' என்றனர். வேலையும் வீடும் ஒருங்கே பறிபோன துயரை அச்சொல் உணர்த்துகின்றது. அதற்கு மாற்றாக, தொழிலாளர் பங்குப்பணத்தால் தோட்டங்களை வாங்க, துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியில் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பிரிக்பீல்ட்ஸ் வழியே செல்வோர் அவர் பெயரிலமைந்த சாலையைக் கடக்கின்றனர். அப்பெயருக்குப் பின்னுள்ள வரலாற்றை அறிந்தோர் எத்தனை பேர்?

இப்பொருளில் தமிழிற் சொற்பொழிவு நிகழுமாயின், கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்ந்த முதியவர் அவையில் எழுந்து, ஆய்வாளர் ஏட்டிற் காணாத செய்தியைக் கூற இயலும். அங்கே அவை ஆய்வாளரைத் திருத்துகின்றது. அத்தலைமுறையினர் அருகி வருகின்றனர் என்பதால் காலம் தாழ்த்துதல் தகாது.

முடிவுரை

பொதுச்சொற்பொழிவு பயன்தர மூன்று கூறுகள் வேண்டும். முதலாவது, கலைச்சொற்களுக்கு மக்கள் வழக்கிலுள்ள தமிழ்ச்சொற்களைத் தேடி ஆளுதல். இரண்டாவது, வினாவுக்குப் போதிய நேரம் ஒதுக்குதல். மூன்றாவது, உரையோடு அவையினர் கூறும் செய்திகளையும் பதிவுசெய்து பள்ளிகளுக்கு வழங்குதல். பல்கலைக்கழகம் அமைந்துள்ள பந்தாய் பள்ளத்தாக்கிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் தொலைவிலில்லை. கிள்ளானும் தொடர்வண்டித் தொலைவே. ஆசிரியர்கள் அவைக்கு வருதலோடு, ஆய்வாளர்களும் அவ்வூர்களுக்குச் சென்று உரையாற்றுதல் நன்று. தம் கொடையால் துறையை வளர்த்த சமூகத்திற்கு அதுவே தக்க கைம்மாறாகும்.