மலிவுச் சீட்டு, மின்னல் தாக்குதல்!

சீட்டு என்றாலே திருப்பூர்க் குடும்பங்களில் ஒரு பயம் உண்டு. சனிக்கிழமை வாங்கிய வாரச் சம்பளம், திங்கட்கிழமை ஓவர்லாக் மெஷினில் உட்காருவதற்குள் செல்போன் ரம்மியில் போய்விடுமோ என்ற பயம்தான் அது.

ஞாயிற்றுக்கிழமை பையன் போனும் கையுமாக உட்கார்ந்தால், தாய் எட்டிப் பார்க்கிறாள்.

"என்ன கண்ணு, சீட்டா ஆடறே?"

"காசு வைக்கிற சீட்டு இல்லீங்கம்மா!"

பையன் சொல்வது உண்மையாக இருக்கலாம். 'ஹார்த்ஸ்டோன்' என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. அமெரிக்காவின் பிளிஸார்ட் கம்பெனி 2014-ல் வெளியிட்டது. இதில் பந்தயப் பணம் கிடையாது. ராஜா, ராணி, ஜாக்கியும் கிடையாது. சீட்டில் இருப்பவை எல்லாம் பூதங்கள், மிருகங்கள், மந்திரங்கள்!

30 சீட்டு, 30 உயிர்

ஆளுக்கு 30 சீட்டு கொண்ட ஒரு கட்டு. ஆளுக்கு ஒரு நாயகன். அவனுக்கு 30 உயிர். எதிரியின் உயிரை யார் முதலில் பூஜ்யமாக்குகிறாரோ அவருக்கே வெற்றி.

சீட்டை இறக்க 'மானா' என்ற சக்தி வேண்டும். முதல் முறைக்கு 1 மானா. இரண்டாவது முறைக்கு 2. இப்படியே 10 வரை ஏறும். 9 மானா கேட்கும் பெரிய பூதம் கையில் இருந்தாலும், ஒன்பதாவது முறை வரும் வரை அது சும்மாதான் கிடக்கும்.

இந்த இடத்தில்தான் ஏழையின் கட்டு புகுந்து விளையாடுகிறது.

ஒரு மானாச் சீட்டு, இரண்டு மானாச் சீட்டு என்று சின்னச் சின்னதாக நிரப்பிக்கொள்ள வேண்டியது. முதல் முறையே ஒன்றை இறக்க வேண்டியது. எதிரியின் பூதங்களோடு மல்லுக்கு நிற்காமல், நேரே நாயகன் முகத்தில் அடிக்க வேண்டியது!

கணக்குப் பாருங்கள். 2 அடி அடிக்கும் சின்ன மிருகம் ஒன்றை முதல் முறை இறக்கினால், அடுத்த முறையிலிருந்து அது அடிக்கும். சாகாமல் தப்பினால் ஆறாவது முறைக்குள் 5 அடி. மொத்தம் 10 உயிர் போயிற்று. மூன்றில் ஒரு பங்கு! வேட்டைக்கார நாயகனாக இருந்தால், 2 மானா செலவழித்து எதிரிக்கு இன்னொரு 2 உயிர் நஷ்டம் வைக்கலாம்.

பெரிய கம்பெனி நூல் வாங்கி, துணி ஓட்டி, சாயம் போட்டு முடிப்பதற்குள், நாலு பவர் டேபிள் வைத்த சின்ன யூனிட் பீஸை அடித்துக் கொடுத்துக் காசு வாங்கிவிடுவதில்லையா? அதே வேகம்தான்.

விலை என்ன?

சீட்டுகளை ஆட்டத்தில் கிடைக்கும் ஒரு மாயத் தூளைக் கொண்டு செய்துகொள்ளலாம். சாதாரணச் சீட்டுக்கு 40 தூள். 'லெஜண்டரி' என்ற உயர்ந்த சீட்டுக்கு 1,600. அதாவது, ஓர் உயர்ந்த சீட்டுக்கு ஆகும் தூளில் 30 சாதாரணச் சீட்டும் செய்து, 400 தூள் மிச்சமும் பிடிக்கலாம்!

ஆனால் மலிவுக் கட்டுக்கும் கண்டம் உண்டு. கைச்சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்புறம் முறைக்கு ஒரு சீட்டுதான் வரும். வழிமறிக்கும் பூதத்தை எதிரி இறக்கினால், முகத்தை அடிக்கவே முடியாது. முதலில் அதைச் சாய்த்தாக வேண்டும். உயிர் ஏற்றும் மந்திரம் போட்டால் பட்ட பாடெல்லாம் வீண். "மூளை இல்லாதவன் ஆட்டம்" என்று சிலர் இதைக் கேலி செய்கிறார்கள். அது சரியல்ல. இன்னும் எத்தனை அடியில் எதிரி விழுவான், இப்போது முகத்தை அடிப்பதா, பூதத்தை அடிப்பதா என்று ஒவ்வொரு முறையும் கணக்குப் போடாதவன், இந்தக் கட்டை வைத்து ஜெயிக்க முடியாது.

தாய்மார் கவனிக்க வேண்டியது

பந்தயம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. காசு கொடுத்துச் சீட்டுப் பொட்டலம் வாங்கலாம். உள்ளே என்ன இருக்கும் என்று பிரிக்கும் வரை தெரியாது. தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டை 2003-ல் தடை செய்தார்கள். அதே ஆசை இந்தப் பொட்டலத்திலும் ஒளிந்திருக்கிறது. போனில் வங்கிக் கணக்கு சேர்ந்திருந்தால் கூடுதல் கவனம் தேவை.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்க, 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு ஒரு சட்டம் நிறைவேற்றியது. போட்டியாக நடக்கும் 'இ-ஸ்போர்ட்ஸ்' ஆட்டங்களை அதே சட்டம் அங்கீகரிக்கிறது.

புஜ் வாலிபர் வாங்கிய பதக்கம்

இந்தச் சீட்டில் இந்தியாவுக்குப் பதக்கமும் வந்திருக்கிறது. 2018-ல் இந்தோனேஷியாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஹார்த்ஸ்டோன் கண்காட்சி ஆட்டமாக இடம்பெற்றது. குஜராத்தில் புஜ் நகரைச் சேர்ந்த தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார். கண்காட்சி ஆட்டம் என்பதால், நாட்டின் பதக்கக் கணக்கில் அது சேரவில்லை.

அடுத்த ஆசியப் போட்டி 2023-ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்தது. அங்கே இ-ஸ்போர்ட்ஸுக்கு முழுப் பதக்க மரியாதை கிடைத்தது. ஆனால் முதலில் பட்டியலில் இருந்த ஹார்த்ஸ்டோன் அப்போது இல்லை. பிளிஸார்டுக்கும் சீனக் கம்பெனிக்கும் இருந்த ஒப்பந்தம் முடிந்து, 2023 ஜனவரியிலேயே அந்த நாட்டில் ஆட்டம் நின்றுபோயிருந்தது. 2024-ல்தான் அங்கே மறுபடி சீட்டு கலைத்தார்கள்.