எந்திரக் கையும் எழுத்தர் கையும்

யூதர்களின் திருமறைக்குத் தோரா என்பது பெயர். எபிரேய மொழியில் அமைந்த அம்மறை 3,04,805 எழுத்துக்களை உடையது. அச்சுப்பொறி தோன்றிப் பல நூற்றாண்டுகள் ஆகியும், தொழுகைக்குரிய தோராச் சுருளை இன்றும் கையாலேயே எழுதுகின்றனர். பதம் செய்த விலங்குத் தோலே ஏடு, இறகே எழுதுகோல். எழுத்தர் மூலத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லையும் வாயால் ஓதிய பின்னரே வரைவார். ஓர் எழுத்துக் குறையினும், திருத்தப்பெறும் வரையில் அச்சுருள் தொழுகைக்கு ஆகாது. ஒரு சுருள் முடிய ஏறத்தாழ ஓராண்டு செல்லும்.

2014-ஆம் ஆண்டில், செருமனி நாட்டுப் பெர்லின் நகரத்து யூதர் அருங்காட்சியகத்தில் ஓர் எந்திரக் கை இம்மறையை எழுதிற்று. 'ரோபோட்லாப்' என்னும் கலைஞர் குழுவினர், தொழிற்சாலைகளில் பயன்படும் எந்திரக் கையொன்றில் எழுதுகோலைப் பொருத்தினர். எழுத்துக்களின் வடிவையும் வரிசையையும் கணிப்பொறி வாயிலாக அதற்கு ஊட்டினர். 80 மீட்டர் நீளமுள்ள தாட்சுருளில், வலமிருந்து இடமாக, அது வரிவரியாக எழுதிச் சென்றது. களைப்பறியாத அக்கைக்கு மூன்று திங்களே போதுமாயின.

எழுத்துக்கள் அழகாகவே அமைந்தன. ஆயினும் அச்சுருள் தொழுகைக்கு உரியதாகவில்லை. ஏன்? அது தோலில் எழுதப்பெறவில்லை என்பது மட்டும் காரணமன்று. இறைவன் திருப்பெயர் வருமிடந்தோறும், அதனைத் தூய நோக்குடன் எழுதுவதாக எழுத்தர் உறுதி கூறுவார். எந்திரத்துக்கோ எல்லா எழுத்தும் ஒன்றே. இட்ட வழியில் பிழையின்றிச் செல்லுதல் அதன் இயல்பு. பிழைபடக்கூடிய மனிதன், தன் உள்ளத்தை ஒருமுகப்படுத்திப் பிழை நேராமற் காக்கின்றான். அக்காவலே எழுத்தை வழிபாடாக்குகின்றது.