கோடு முழுசா இருக்கு, படம் போகல!

(காற்றில் ஓடும் கம்பி – 9)

போன வாரம் வீட்டு வைஃபையைப் பார்த்தோம். இந்த வாரம் கூட்டம் கூடும் மண்டபத்து வைஃபை.

நெல் ஜெயராமன் தொடங்கிய நெல் திருவிழாவால் பேர் பெற்ற ஊர் திருத்துறைப்பூண்டி. இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் வாங்குகிறவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது அவர் வைத்த முறை. 2018 டிசம்பரில் அவர் காலமான பிறகும் விழா தொடர்கிறது. மாப்பிள்ளைச் சம்பாவையும் பூங்காரையும் தேடி வருகிற அந்த மாதிரிக் கூட்டம் ஒரே மண்டபத்துக்குள் நின்றால், சட்டைப் பைக்கு ஒரு போன். கடைக்குக் கடை க்யூஆர் அட்டை. முகூர்த்த நாளென்றால் சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பாவுக்கு வீடியோ காலில் தாலி கட்டுவதைக் காட்ட வேறு வேண்டும். திரையில் சிக்னல் கோடு முழுசாக நிற்கும். படம் மட்டும் நகராது.

கோடு காட்டுவது அலையின் பலத்தை. நெரிசலைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்க வேண்டும். பந்தி முழுக்க ஒரே ஆள் சாம்பார் வாளியோடு ஓடுவது போலத்தான். அதிலும் கடைசி மூலையில் இருக்கும் போன், சிக்னல் மெலிவதால், மெதுவாகப் பேசும். அதே படத்தை அனுப்ப மற்றவர்கள் நேரத்தையும் தின்றுவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் 1, 2 எம்பிபிஎஸ் போன்ற பழைய வேகங்களை அடைத்துவிடுகிறார்கள்.

"பவரைக் கூட்டி வைங்க சார்" என்பார்கள். வீண் வேலை. வைஃபை பெட்டி கத்தலாம், போனின் குரல் அதே சன்னக் குரல்தானே? பெட்டி சொல்வது போனுக்குக் கேட்கும், போன் சொல்வது பெட்டிக்குக் கேட்காது. போதாததற்குப் பக்கத்துப் பெட்டியின் பேச்சிலும் அந்தக் கத்தல் குறுக்கிடும்.

இன்னொன்று, மனித உடம்பு. பாதிக்கு மேல் தண்ணீர், அலையை விழுங்கும். காலி மண்டபத்தில் சோதித்துவிட்டு "சூப்பர்" என்று கையெழுத்துப் போட்டால் கல்யாணத்தன்று மானம் போகும். ஆகவே பெட்டியைத் தலைக்கு மேலே, உத்தரத்திலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கும் ஆன்டெனாவோடு கட்ட வேண்டும். தகரக் கூரையென்றால் அலை முட்டித் திரும்பிக் குழப்பும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

2014-ல் கலிபோர்னியாவில் திறந்த லீவைஸ் ஸ்டேடியத்தில் இதையே தலைகீழாக்கினார்கள். பெட்டிகளை இருக்கைக்கு அடியில் வைத்தார்கள். உட்கார்ந்திருக்கும் உடம்புகளே சுவராகி, ஒரு பெட்டியின் அலை அடுத்த பெட்டிக்குப் போகாமல் தடுத்தன. சுமார் 100 இருக்கைக்கு ஒரு பெட்டி. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் நாற்காலியை மடக்கி ஓரங்கட்டிப் பந்தி போடும் நம் மண்டபத்துக்கு ஒத்துவராது.

சேனல் கணக்கும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என மூன்றே. 5 கிகாஹெர்ட்ஸில் இருபதுக்கும் மேல். இந்தியாவில் 2018-ல் இந்த அலைவரிசையை உரிமம் இல்லாமல் தாராளமாகப் பயன்படுத்த வழிவிட்டார்கள். எனவே பெரிய மண்டபத்தில் 5-ஐ நம்புங்கள். ஒவ்வொரு சேனலையும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குக் குறுக்கி, பவரைக் குறைத்து, பெட்டிகளைக் கூட்டுங்கள்.

மண்டபம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வைஃபை போட வருபவர் எத்தனை சதுர அடி என்று மட்டும் கேட்டால், அவரை அனுப்பிவிடுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே இருப்பார்கள் என்று கேட்பவரிடம் வேலையைக் கொடுங்கள்.