பருவமும் பொழுதும் மேனியும்

மேனி என்னும் சொல் தமிழில் உடலையும் நிறத்தையும் அழகையும் குறிக்கும். அம்மேனியைப் போர்த்திருக்கும் தோல், பிறந்த நாள் தொட்டு இறுதி நாள் வரை ஒரே தன்மையதாய் இருப்பதில்லை. ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகவும், பெண்ணின் வாழ்நாளைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவங்களாகவும் பகுத்துக் கண்டவர் நம் முன்னோர். ஆயினும், பள்ளி நாளில் கைக்கொண்ட சோப்பையும் பூச்சையும் பேரன் பேத்தி எடுத்த பின்னரும் மாற்றாதிருப்போர் நம்மிடையே பலர். தோல் மாறுங்கால் அதனைப் பேணும் முறையும் மாறவேண்டும் என்பதையும், இயல்பான மாற்றத்தை நோயினின்று பிரித்தறியாவிடின் விளையும் கேட்டையும் இக்கட்டுரையில் காண்போம்.

முன்னோர் கண்ட நெறி

மதுரைக்கும் மேனிப் பொருள்களுக்கும் உள்ள தொடர்பு பழமையானது. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, இந்நகரத்துக் கடைத்தெருவில் நறுமணச் சுண்ணம் விற்றோரைக் குறிப்பிடுகின்றது. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையோ, மாதவியின் நீராட்டுக்குத் துவர்ப்புப் பொருள் 10, நறுமணப் பொருள் 5, ஓமாலிகைப் பொருள் 32 என எண்ணிக் கூறுகின்றது. எண்ணெயை நீக்கத் துவர்ப்பு, மணத்துக்கு விரை எனப் பயனுக்கேற்பப் பொருளைத் தெரிந்தமை இதனால் விளங்கும்.

சித்தர் மரபில் தேரையர், நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு வேண்டும் என்றும், அன்று வெந்நீரில் குளிக்கவேண்டும் என்றும் விதித்தார். யூனானி மருத்துவத்தின் பேராசான் இப்னு சீனா (980–1037), மனிதனின் மிஸாஜ் எனப்படும் உடலியல்பு அகவைக்கேற்ப மாறும் என்றும், முதுமையில் குளிர்ச்சியும் வறட்சியும் மிகும் என்றும் தம் ‘அல்-கானூன்’ நூலில் விளக்கினார். இன்றைய தோல் மருத்துவம் வேறு சொற்களில் பேசினும், முதுமையில் தோல் வறளும் என்பதை ஒப்புக்கொள்கின்றது.

தோல் ஏன் மாறுகின்றது?

தோலில் உள்ள நெய்ச்சுரப்பிகள் ஒருவகை எண்ணெய்ப் பசையைச் சுரக்கின்றன. பூப்புப் பருவத்தில் ஹார்மோன்களின் தூண்டுதலால் இச்சுரப்பு பெருகும். மயிர்க்கால்கள் அடைபட்டு முகப்பரு தோன்றுவது இதனாலேயே. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு இச்சுரப்பு விரைவாகக் குறையும். ஆண்களுக்கு மெல்லவே குறையும். இளமையில் ஏறத்தாழ 28 நாளில் மேற்றோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். முதுமையில் இதற்குக் கூடுதல் நாள்கள் ஆகும். ஈரத்தைக் காக்கும் கொழுப்புப் பொருள்களும் அகவையோடு குறைவதால் முதியோரின் கால்களில் பொருக்கும் அரிப்பும் காண்கின்றன.

அகவையோடு பொழுதும் நீரும் சேர்கின்றன. சித்திரை, வைகாசியில் மதுரையின் வெப்பம் 40 பாகை செல்சியசை எட்டுவதுண்டு. அப்போது வியர்வையால் வேர்க்குரு தோன்றும். மார்கழி, தையிலோ அதே தோல் வெளிறிக் கீறினால் கோடு விழும். சுற்றுப்புறச் சமவெளியூர்கள் பலவற்றில் ஆழ்குழாய்க் கிணற்று நீர் கடினநீராகும். அதில் சோப்பு நுரைப்பது அரிது. கரையாத படிவு தோலில் தங்கி வறட்சியை மிகுவிக்கும்.

பேணும் முறை

முதலில் தம் தோலின் இன்றைய இயல்பை அறிதல் வேண்டும். முகத்தைக் கழுவி, ஒன்றும் பூசாமல் ஒரு மணி நேரம் கழித்து நோக்குக. முகம் முழுதும் பளபளத்தால் அது எண்ணெய்ப் பாங்கானது. இழுத்துப் பிடித்தாற்போல் இருந்தால் வறண்டது. நெற்றியும் மூக்கும் மட்டும் பளபளத்தால் கலப்பியல்பினது. இச்சோதனையைச் சித்திரையில் ஒருமுறையும் மார்கழியில் ஒருமுறையும் செய்து பார்ப்பின் வேறுபாடு தானே புலப்படும்.

எண்ணெய்ப் பாங்கான முகமுடைய மாணவ மாணவியர் நாளுக்கு இருமுறை மென்மையான முகக்கழுவியால் கழுவினாற் போதும். அடிக்கடி சோப்பிட்டுத் தேய்த்தால் தோல் புண்படுமேயன்றிப் பரு நீங்காது. பரு உள்ள முகத்தில் தேங்காயெண்ணெய் தடவுதலும், எலுமிச்சைச் சாறு பூசுதலும் தவிர்க்கத்தக்கன. நாற்பதைக் கடந்தோர் சோப்பைக் குறைத்து ஈரப்பசைப் பூச்சைக் கூட்டுதல் வேண்டும். நலமான தோலின் பிஎச் அளவு ஏறத்தாழ 5 என்னும் அமிலத்தன்மையது. சாதாரணச் சோப்போ 9 முதல் 10 வரையிலான காரத்தன்மையது. முதியோர் அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகியவற்றுக்கு மட்டும் சோப்பிட்டு, ஏனைய இடங்களை நீரால் கழுவலாம். பயற்றமாவும் கடலைமாவும் எண்ணெய்ப் பசையை ஈர்ப்பவை. ஆகவே அவை இளையோருக்கு ஏற்கும் அளவுக்கு வறண்ட தோலினர்க்கு ஏலா.

நாள்தோறும் ஐவேளை ஒளு செய்யும் நமக்கு எளிய வாய்ப்பொன்று உண்டு. தோலில் ஈரம் சிறிது எஞ்சியிருக்கும்போதே எண்ணெயோ களிம்போ தடவினால் அந்த ஈரம் உள்ளேயே தங்கும். தொழுகை முடிந்தபின் கை கால்களுக்கு இவ்வாறு செய்துகொண்டால் பித்தவெடிப்பும் பெரிதும் தணியும். ஸைத்தூன் எண்ணெயை உண்ணவும் பூசவும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதீயில் இடம்பெற்றுள்ளது. தோலில் ஊறிப் படலமாக நில்லாத பூச்சு ஒளுவைத் தடுக்காது என்பதும், நகச்சாயம் போலப் படலமாய்ப் படிவதை அகற்றவேண்டும் என்பதும் மார்க்க அறிஞர் பலரின் கருத்து.

மாற்றம் நோயின் அறிகுறியாகும்போது

எல்லா மாற்றமும் அகவையால் வருவதன்று. பிடரியிலும் அக்குளிலும் கருமை படர்ந்து தோல் தடித்தால் அதனை அழுக்கென்று எண்ணிப் பீர்க்கங்கூட்டால் தேய்ப்பர். அது பெரும்பாலும் அழுக்கன்று, இன்சுலின் சரிவரச் செயற்படாமையின் அடையாளம், நீரிழிவுக்கு முன்னறிவிப்பு. மகப்பேற்றுக் காலத்தில் கன்னத்தில் தோன்றும் மங்கு, வெயிலால் மிகும். அதற்குக் குடையும் வெயில்தடுப்புப் பூச்சும் துணை. உணர்ச்சியற்ற வெளிர்திட்டு தொழுநோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனைகளில் அதற்கு இலவச மருந்து உண்டு. இவற்றை மறைத்தல் தகாது.

சிவப்பழகின் விலை

இங்கே நாம் மனம்விட்டுப் பேசவேண்டிய செய்தியொன்று உண்டு. கறுத்த முகத்தைக் குறையெனக் கருதி, பெண் பார்க்க வருமுன் ‘சிவப்பாக்கும்’ களிம்பைத் தேடும் வழக்கம் நம் வீடுகளிலும் நிலவுகின்றது. இத்தகைய களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். தொடக்கத்தில் முகம் பளிச்சிடும். நாளடைவில் தோல் மெலிந்து சிவந்து, நரம்பிழைகள் தெரியும். பருவும் முகமயிரும் தோன்றும். நிறுத்தினால் எரிச்சல் மிகும். இதனை உணர்ந்தே, ஸ்டீராய்டு கலந்த 14 வகைப் பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என நடுவணரசு 2018இல் ஆணையிட்டது.

பாதரசம் கலந்த களிம்புகளின் தீங்கு தோலோடு நிற்பதில்லை. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில், மலப்புரம் மாவட்டத்துக் கோட்டக்கல்லில், 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயுற்றோரை மருத்துவர் ஆராய்ந்தனர். அந்நோயாளர் 15 பேருள் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர் எனக் கண்டனர். முகத்துக்குப் பூசியது சிறுநீரகத்தைத் தாக்கிற்று. உற்பத்தியாளர் பெயரும் உட்பொருள் பட்டியலும் அச்சிடப்படாத களிம்பைக் கையாலும் தொடாதிருத்தல் நன்று. ஏற்கெனவே பூசி வருவோர் நாணாமல் தோல் மருத்துவரை அணுகுவாராக. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் தோல் மருத்துவப் பிரிவு உண்டு.

நிறம் இறைவன் வகுத்தது. அதனை மாற்ற முயல்தல் பேணுதல் ஆகாது. உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன் பருவமறிந்து காத்தலே நம் கடமை. மாணவியர் களிம்பு வாங்குமுன் அதன் உட்பொருளைப் படிக்கட்டும். பெற்றோரும் ஜமாஅத்துப் பெரியோரும் மணப்பேச்சில் நிறத்தைப் பேசுவதை விடுக்கட்டும். அப்போது அக்களிம்பின் தேவையே நம் வீடுகளில் இராது.